பதினெட்டாம் நம்பர் படையணி: அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "நம்ம சூலூரில் நிற்கிற பதினெட்டாம் நம்பர் படையணி, பரம்வீர் சக்கரம் வாங்கின படையணி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சூலூர், கோயம்புத்தூர் பக்கத்து விமானப்படைத் தளம்; படையணி, இந்திய விமானப்படையின் போர் விமானப் படையணி; பரம்வீர் சக்கரம், போர்க்கள வீரத்துக்கு நம்ம நாடு தருகிற மிகப் பெரிய விருது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம், வாட்ஸ்அப், குரல்பதிவு என்று வந்து குவிந்துவிட்டன. களக்காட்டிலிருந்து ஒரு பையன் நோட்டுத்தாளில் விமானப் படமே வரைந்து அனுப்பியிருக்கிறான். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தப் படையணிதான். பட்டா, பத்திரம், மருத்துவக் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு இதழ் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி டவுனிலிருந்து, ஓய்வுபெற்ற விமானப்படை வீரர்: அண்ணாச்சி, "சூலூரில் நிற்கிற" என்று எழுதிவிட்டீர்கள். பதினெட்டாம் படையணி அங்கிருந்து போய்விட்டதே?

நீங்கள் சொல்வதுதான் சரி, நான் எழுதியது தப்பு. 2020-இல் சூலூரில் நம்ம நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானங்களோடு அதை மறுபடியும் எழுப்பினார்கள். 2024-இல் அது குஜராத்தின் நாலியா தளத்துக்குப் போய்விட்டது. கட்ச் பக்கம், பாகிஸ்தான் எல்லையை ஒட்டின தளம் அது. திருத்தியதற்கு நன்றி. உங்களைப்போல அந்த உடுப்பைப் போட்டவர்கள் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுகிறவனுக்கும் கவனம் கூடும்.

பாளையங்கோட்டை வாசகி: ஸ்குவாட்ரன், ஸ்குவாட்ரன் என்கிறார்களே, அது எத்தனை விமானம்? ஒரு பட்டாளம் மாதிரியா?

போர் விமானப் படையணி என்றால் நம்ம நாட்டில் வழக்கமாக 18 விமானம் என்று கணக்கு. 16 ஒற்றை இருக்கை விமானம், பயிற்சிக்கு 2 இரட்டை இருக்கை விமானம். ஒரு விங் கமாண்டரோ குரூப் கேப்டனோ தலைமை தாங்குவார். அவருக்குக் கீழே விமானிகள், அவர்களைப்போலப் பல மடங்கு தரைப்பணியாளர்கள். எஞ்சின் பார்க்கிறவர், மின்சாரம் பார்க்கிறவர், ஆயுதம் ஏற்றுகிறவர், ரேடியோ பார்க்கிறவர், விமானிக்குப் பாராசூட் மடித்துக் கொடுக்கிறவர் எல்லாரும் சேர்ந்ததுதான் படையணி. வானத்தில் பறப்பதை மட்டும் படையணி என்று நினைத்துவிடக் கூடாது. கடைசிக் கேள்விக்கு வரும்போது இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்திய விமானப்படைக்கு அரசு அனுமதித்திருக்கிற கணக்கு 42 போர் விமானப் படையணி. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தபிறகு கையில் இருப்பது 29. எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற எண்ணிக்கை இது. புது விமானம் வந்துசேர்வதைவிடப் பழைய விமானம் ஓய்வு பெறுவது வேகமாக நடக்கிறது.

நாங்குநேரி வாசகர்: அந்தப் படையணியை 2016-இல் மூடிவிட்டார்கள் என்று படித்தேன். 2020-இல் திறந்தார்கள் என்றும் படித்தேன். விமானம் வேறே, ஆள் வேறே, ஊர் வேறே. அப்புறம் எப்படி அது அதே படையணி? பேரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டதுதானே?

ரொம்ப நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் படையணி பிறந்தது 1965 ஏப்ரல் 15, அம்பாலாவில். அப்போது அவர்கள் கையில் இருந்தது 'நாட்' என்கிற குட்டி விமானம். பிற்காலத்தில் ரஷ்ய வடிவமைப்பான மிக்-27-க்கு மாறினார்கள். அது தரையில் இருக்கிற இலக்கைத் தாக்குவதற்கான கனமான விமானம், நாட் விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 2015 நவம்பரில் குடியரசுத் தலைவரின் கொடி கிடைத்தது. ஒரு படையணிக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை அது. அடுத்த ஐந்தே மாதத்தில், 2016 ஏப்ரல் 15 அன்று, மூடப்பட்டது. தேதியைக் கவனியுங்கள். பிறந்த அதே தேதி, சரியாக 51 வருஷம்.

மூடுவது என்று நாம் சொல்கிறோம். விமானப்படையில் அதற்கு 'நம்பர் பிளேட்' செய்வது என்று பேர். விமானங்கள் வயதாகி ஓய்வு பெறும், மாற்று விமானம் தயாராக இருக்காது, ஆட்களை வேறு படையணிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் நம்பரைக் கலைக்கமாட்டார்கள். நம்பர், சின்னம், முழக்கம், கொடி, வரலாற்றுப் பதிவு, வாங்கின பதக்கங்களின் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கும். புது விமானம் வருகிற அன்றைக்கு அந்த நம்பரை எடுத்து அதற்குக் கொடுப்பார்கள். பதினெட்டுக்கு அது 2020 ஏப்ரல் 1 அன்று நடந்தது. மே 27 அன்று அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா சூலூருக்கு வந்து அதைப் பணியில் இறக்கினார். தேஜஸ் பெற்ற இரண்டாவது படையணி அது. முதலாவது 'பறக்கும் கட்டாரிகள்' என்கிற 45-ஆம் நம்பர், 2016-லிருந்து தேஜஸ் ஓட்டுகிறது.

நம்ம ஊர்க் கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் மாறியிருக்கிறது, சக்கரம் மாறியிருக்கிறது, இழுக்கிற கை தலைமுறைக்கு ஒருதரம் மாறுகிறது. யாராவது அதை வேற தேர் என்று சொல்கிறோமா? பெயரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டீர்கள். அந்தப் பெயரோடு ஒரு கடனும் சேர்ந்து வருகிறது என்பதுதான் நான் புரிந்துகொண்டது. 22 வயதில் புதிதாக வந்து சேர்கிற பையனிடம், இந்த நம்பரில் உனக்கு முன்னால் இன்னார் இருந்தார், ஸ்ரீநகரில் இன்ன தேதியில் இப்படிச் செய்தார் என்று சொல்லித்தான் சட்டையில் அந்தச் சின்னத்தைத் தைக்கிறார்கள். அந்த 'இன்னார்' யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அம்பாசமுத்திரம், பள்ளி ஆசிரியை: சேகோன் கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கொஞ்சம் விவரமாக எழுதுங்கள் அண்ணாச்சி.

எழுதுகிறேன் டீச்சர். ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன், பஞ்சாபில் லூதியானா பக்கம் இசேவால் கிராமம். அப்பாவும் விமானப்படைக்காரர்தான். பார்க்கிற எல்லாரையும் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவாராம். அதனால் கூட இருந்தவர்கள் அவருக்கே 'பிரதர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நம்ம பக்கம் எல்லாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனுஷரைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி ஆள். பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு அவர் உடனே பக்கத்தில் வந்துவிடுவார்.

1971 டிசம்பர் 3 அன்று போர் தொடங்கியது. அதற்கு முன்பு, பழைய ஒப்பந்தம் ஒன்றின் காரணமாக ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்திவைக்கும் வழக்கம் இல்லை. போர் வந்தபிறகுதான் பதினெட்டாம் படையணியின் நாட் விமானங்கள் அங்கே நின்று வேலை செய்தன. 'காஷ்மீர் பள்ளத்தாக்கின் காவலர்கள்' என்று அந்தப் படையணிக்குப் பட்டப்பெயர் வந்தது அதனால்தான். சமவெளியில் பறந்து பழகினவர்களுக்கு அந்த மலை, அந்த உயரம், டிசம்பர் மாதத்துக் குளிர்காற்று எல்லாமே புதுசு.

டிசம்பர் 14 காலையில் பனிமூட்டம். ஓடுதளத்தின் முனையில் இரண்டு நாட் தயார்நிலையில் நிற்கின்றன. முதல் விமானத்தில் ஃபிளைட் லெப்டினன்ட் கும்மன், இரண்டாவதில் சேகோன். தயார்நிலை என்றால் விமானி உள்ளே உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டு, சொன்ன நிமிஷத்தில் கிளம்புவதற்குக் காத்திருப்பது. பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து ஆறு சேபர் போர் விமானங்கள் மலை தாண்டி வந்தன. மலைகள் சுற்றி நிற்பதால் தூரத்திலேயே கண்டுபிடிக்க வழியில்லை, தகவல் வந்து சேரும்போதே அவை தலைக்கு மேலே வந்துவிட்டன.

கும்மன் முதலில் கிளம்பினார். பின்னால் சேகோன் ஓடுதளத்தில் வேகம் பிடித்துக்கொண்டிருக்கும்போது குண்டுகள் விழத் தொடங்கின. டீச்சர், இந்த இடத்தில் பிள்ளைகளிடம் ஒரு நிமிஷம் நிறுத்திச் சொல்லுங்கள். ஓடுதளம்தான் குறி, அந்த ஓடுதளத்தின் மேலேதான் அவர் விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் புழுதி, பின்னால் வெடி. கிளம்பாமல் நிறுத்தியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர் கிளம்பினார். மேலே ஏறினதும் குண்டு போட்டுவிட்டுத் திரும்புகிற சேபர்களின் பின்னாலேயே போனார். கும்மன் மூட்டத்தில் அவரைத் தவறவிட்டுவிட்டார், பிறகு கண்ணில் படவே இல்லை. அதனால் சேகோன் தனி ஆளாகத்தான் சண்டை போட்டார், ஒருவர் ஆறு பேரோடு. மர உயரத்தில், வட்டமடித்து வட்டமடித்து. இரண்டு சேபர்களில் அவர் குண்டு பாய்ந்தது என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. கடைசியில் அவர் விமானத்தின் மேலும் குண்டு பட்டது. அடிபட்டுவிட்டது என்று ரேடியோவில் கும்மனுக்குச் சொன்னதுதான் கடைசியாகக் கேட்ட குரல். விமானம் ஒரு மலையிடுக்கில் விழுந்தது. எவ்வளவோ தேடியும் உடல் கிடைக்கவில்லை.

பரம்வீர் சக்கரம் அவருக்கு மறைவுக்குப்பின் கொடுக்கப்பட்டது. இன்றுவரை அந்த விருதை வாங்கியவர்கள் 21 பேர். அதில் விமானப்படையிலிருந்து அவர் ஒருவர் மட்டும்தான். 2023 ஜனவரியில் அந்தமானில் பேரில்லாத 21 தீவுகளுக்கு அந்த 21 பேர் பெயரையும் வைத்தார்கள், அதில் ஒரு தீவு அவருடையது. அன்றைக்கு எதிரில் பறந்த பாகிஸ்தான் விமானி ஒருவரே பின்னாளில் அந்தச் சண்டையைப் பற்றி எழுதும்போது சேகோனின் திறமையைப் புகழ்ந்து எழுதினார். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம்ம ஆளின் வீரத்தைச் சொல்ல எதிராளியை மட்டமாகப் பேசவேண்டியதில்லை.

களக்காடு, விமானப் படம் வரைந்து அனுப்பிய மாணவன்: நாட் விமானம் எவ்வளவு பெருசு? சேபரை ஜெயித்தது நிஜமா, சும்மா சொல்கிறார்களா?

தம்பி, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் விமானத்தைப் பெரிதாக வரைந்துவிட்டாய். நாட் விமானத்தின் நீளம் 9 மீட்டருக்கும் குறைவு, இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட வராது. உங்க ஊரிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிற பஸ்ஸின் நீளத்துக்குக்கூட அது வராது. இங்கிலாந்தின் ஃபோலண்ட் கம்பெனி வடிவமைத்தது, விமானம் செய்கிற அரசு நிறுவனமான பெங்களூர் எச்ஏஎல் உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. பேருக்கு அர்த்தம், மாலையில் கண்ணைச் சுற்றிப் பறக்குமே, அந்தப் பொடிப்பூச்சி. தரைக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கும், பெரிய ஏணி எதுவும் இல்லாமலே வேலை பார்க்கலாம். இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி உண்டு. எதிரில் இருந்த சேபர் அமெரிக்கத் தயாரிப்பு, ஆறு இயந்திரத் துப்பாக்கி கொண்டது, கொரியப் போரிலேயே பேர் வாங்கினது.

நிஜமா என்று கேட்டாய் அல்லவா, நேர்மையாகச் சொல்கிறேன். 1965 செப்டம்பர் 3 அன்று 23-ஆம் படையணியின் டிரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக வீர் சக்கரம் கிடைத்தது. அந்த சேபர் அடிபட்டு, எப்படியோ தளம் திரும்பிவிட்டது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது. அதே நாளில் நம்ம நாட் ஒன்று வழிதவறி பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. இன்றைக்கும் அது கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. துப்பாக்கி சிக்கிக்கொள்வது, வால் பகுதிக் கட்டுப்பாட்டில் கோளாறு என்று நாட் விமானத்துக்கு உடம்பு உபத்திரவங்களும் உண்டு. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1971 நவம்பர் 22-ஐப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். வங்காளத்தில் போய்ரா என்கிற இடம். கல்கத்தா டம்டம் தளத்திலிருந்து 22-ஆம் படையணியின் நான்கு நாட் கிளம்பின. ராய் மாஸி, கணபதி, லாசரஸ், சோரஸ் என்று நான்கு விமானிகள். இரண்டு சேபர் விழுந்தன, மூன்றாவது சேதத்தோடு ஓடியது, நம்ம பக்கம் நான்கும் பத்திரமாகத் திரும்பின. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட இரண்டு பாகிஸ்தான் விமானிகளில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. அவரே 1997-இல் பாகிஸ்தான் விமானப்படையின் தளபதி ஆனார். அப்போது லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார், குரேஷியிடமிருந்து பதிலும் வந்தது, அன்றைக்கு நீங்கள் நன்றாகச் சண்டை போட்டீர்கள் என்று. எனக்கு இந்தச் சின்ன விஷயம் ரொம்பப் பிடிக்கும்.

தேஜஸும் சின்ன விமானம்தான், தெரியுமா? 13 மீட்டர் சொச்சம் நீளம், உலகத்தில் இப்போது பறக்கிற போர் விமானங்களில் சிறியவற்றில் ஒன்று. பதினெட்டாம் நம்பருக்கு முதலில் வந்ததும் குட்டி, இப்போது வந்ததும் குட்டி. அடுத்த படத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து அனுப்பு, அளவு சரியாக இருக்கட்டும்.

விஜயநாராயணம் வாசகர்: எங்க ஊரில் வானத்தைத் தொடுகிற மாதிரி கோபுரங்கள் நிற்கின்றனவே, அவை விமானப்படை ரேடாரா?

இல்லை. அது கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990-லிருந்து இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்புகிற நிலையம். சாதாரண ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது, அதனால்தான் அத்தனை உயரக் கம்பம். படையணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கயத்தாறு வாசகர்: எங்க ஊர்ப் பழைய விமான ஓடுதளத்தில் இந்தப் படையணி இருந்திருக்கிறதா?

இருந்ததில்லை. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம். பதினெட்டாம் படையணி பிறந்ததே போர் முடிந்து இருபது வருஷம் கழித்து. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று எல்லாருக்கும் உங்க ஊரைத் தெரியும், ஓடுதளம் இருந்தது தெரிந்தவர்கள் குறைவு. ஊரில் வயதானவர்கள் யாராவது அதைப்பற்றி நேரில் பார்த்ததைச் சொன்னால் எழுதி அனுப்புங்கள்.

வள்ளியூர் வாசகி: சில நாள் திடீரென்று டமார் என்று ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது. போர் விமானமா, மகேந்திரகிரியா?

இரண்டுமே இருக்கலாம், ஆனால் சத்தத்தை வைத்தே பிரித்துவிடலாம். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சினை நிறுத்தி வைத்து எரித்துப் பார்க்கிறார்கள். அது ஒரு நீண்ட உறுமல், மழைக்காலத்தில் மலையில் அருவி இரைகிற மாதிரி தொடர்ந்து கேட்கும், அப்புறம் அடங்கும். விமானச் சத்தம் அப்படி இல்லை. ஒலியைவிட வேகமாக, அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு மேலே போகும்போது, விமானம் எழுப்புகிற சத்தம் அதற்கு முன்னால் ஓட முடியாமல் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். குவிந்த சத்தம் மொத்தமாக நம்ம காதில் வந்து விழும்போது 'டம் டம்' என்று ஒட்டி ஒட்டி இரண்டு வெடி. அந்த நேரத்தில் மேலே பார்த்தால் விமானம் இருக்காது, அது எப்பவோ போயிருக்கும். தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படையணி ஒன்று இருக்கிறது, சூலூரில் 45-ஆம் நம்பரின் தேஜஸ். அவற்றுக்கு நம்ம ஜில்லா ஒன்றும் தூரமில்லை. ஒரே ஒரு வெடி, கூடவே புழுதி கிளம்பினால் பக்கத்துக் கல்குவாரியையும் யோசியுங்கள்.

முக்கூடல், பதினொன்றாம் வகுப்பு மாணவி: பெண்பிள்ளைகள் அந்தப் படையணியில் சேர முடியுமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

சேர்ந்தாகிவிட்டது அம்மா. 2016 ஜூனில் நம்ம நாட்டின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் வந்தார்கள். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங். அவர்களில் மோகனா சிங் 2024-இல் தேஜஸ் ஓட்டுகிற முதல் பெண் விமானியானார். எந்தப் படையணி தெரியுமா? நீ கேட்கிற அதே பதினெட்டு. இதை வீட்டில் காட்டு. என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது, பெண்களுக்கும் திறந்துவிட்டார்கள். விமானப்படைக்குப் போகவேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் இருக்கவேண்டும். நீ எந்தக் குரூப் என்று எழுதவில்லை, அதை முதலில் பார்த்துக்கொள்.

திசையன்விளை, ஒரு தாயார்: என் மகன் அக்னிவீரராக விமானப்படையில் சேர்ந்திருக்கிறான். விமானம் ஓட்டப்போகிறான் என்று ஊரில் சொல்லிவிட்டேன், இப்போது பார்த்தால் கீழே இருந்து வேலை பார்க்கிறதாம். சொந்தக்காரர்கள் ஒருமாதிரி பேசுகிறார்கள். அவன் வேலைக்கு மதிப்பு உண்டா அண்ணாச்சி?

அம்மா, உங்களுக்கு என் பெரியப்பா கதையைத்தான் சொல்லவேண்டும். எங்க அம்மாவின் அக்காவைக் கட்டினவர். ஏர்வாடிப் பக்கம் ஒரு சின்ன ஊர், எஸ்எஸ்எல்சி முடித்தவுடன் விமானப்படைக்குப் போய்விட்டார். விமானத்தில் ஏறி உட்கார்ந்து பறந்ததே கிடையாது என்பார், ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நாட் விமானங்களில் கை வைத்து வேலை பார்த்தவர். ஃபிட்டர்.

சின்ன வயசில் லீவுக்கு அவர் வீட்டுக்குப் போவோம். வாசல் திண்ணையை ஒட்டின சுவரில் ஒரு பலகை மாட்டியிருப்பார். ஸ்பேனர், இடுக்கி, திருப்புளி ஒவ்வொன்றின் உருவத்தையும் பலகையில் சிவப்புப் பெயிண்டால் வரைந்து, அந்தந்த உருவத்தின்மேல் அந்தந்தச் சாமானைத் தொங்கவிட்டிருப்பார். ராத்திரி படுக்கப்போகும்முன் டார்ச் அடித்து ஒருதரம் பார்ப்பார். சிவப்பு தெரிந்தால் ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம், அது கிடைக்கிறவரை தூங்கமாட்டார். ஒருநாள் நான் சைக்கிளுக்கு எடுத்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை மாட்டுத்தொழுவத்தில் போட்டுவிட்டு வந்து, பதினோரு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு ரெண்டுபேரும் வைக்கோலைக் கிளறினோம். திட்டவில்லை. "ஏல, விமானத்துக்குள்ள இதைவிடச் சின்னது ஒண்ணு கிடந்தாலும் போதும்ல" என்று மட்டும் சொன்னார். விமானத்தளத்தில் அதுதான் நடைமுறை. ஒரு சாமான் கணக்கில் குறைந்தால் அது கிடைக்கிறவரை விமானத்தைப் பறக்க விடமாட்டார்கள். எஞ்சினுக்குள்ளேயோ கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குள்ளேயோ அது கிடந்தால் விமானி திரும்பி வரமாட்டார்.

அப்புறம் கையெழுத்து. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு, ஃபார்ம் 700 என்பார்கள். ஒவ்வொரு பகுதியைப் பார்த்த ஆளும் 'நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று அதில் கையெழுத்துப் போடவேண்டும். எல்லாக் கையெழுத்தும் விழுந்தபிறகுதான் விமானி கடைசியில் தன் கையெழுத்தைப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். விமானி எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், நம்ம ஊர்ப் பையன் போட்ட கையெழுத்தை நம்பித்தான் உள்ளே ஏறுகிறார். பெரியப்பா பேங்கில் ஐநூறு ரூபாய் எடுக்கக் கையெழுத்துப் போட்டாலும் தாளை இரண்டுதரம் படித்துவிட்டு, பேனாவை ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் போடுவார். கௌண்டரில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், அவர் கண்டுகொள்ளமாட்டார்.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் அந்தக் குளிரில், விடியுமுன் யாரோ சில பேர் எழுந்து சேகோனின் விமானத்துக்குப் எரிபொருள் நிரப்பி, குண்டுப்பட்டை ஏற்றி, டயர் பார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாட் தானாகக் கிளம்பாது, வெளியே இருந்து அழுத்தக்காற்று கொடுத்தால்தான் எஞ்சின் சுழலும். தலைக்கு மேலே எதிரி விமானம் வந்துவிட்ட நேரத்தில் அந்தக் காற்றைக் கொடுத்துவிட்டு, குழாயை உருவிக்கொண்டு ஓடினவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. ஆனால் அந்த எஞ்சின் அன்றைக்குப் பற்றிக்கொண்டது. உங்க மகன் சேர்ந்திருக்கிற வேலை அந்த வரிசையில்தான் வருகிறது.

அக்னிவீரர் வேலை நாலு வருஷம்தான் என்பதும், அதற்குப்பிறகு நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்பதும் உண்மை. அந்தக் கவலை உங்களுக்கு இருக்கும், இல்லாமல் இருக்காது. அவன் கற்றுக்கொள்கிற தொழிலுக்கான சான்றிதழ்களை ஒன்றுவிடாமல் வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், வெளியே வந்தால் அதுதான் கைகொடுக்கும். சொந்தக்காரர்கள் மறுபடி கேட்டால், "அவன் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும்" என்று சொல்லுங்கள். பயிற்சி முடித்து அந்தத் தகுதி வர அவனுக்குக் கொஞ்சநாள் ஆகும், வந்துவிடும்.

பெரியப்பாவிடம் ஒருதரம் கேட்டேன், நீங்கள் எந்தெந்த விமானிகளோடு இருந்தீர்கள் என்று. ரெண்டு மூன்று பேர் சொல்லிவிட்டு யோசித்தார், வரவில்லை. எந்தெந்த விமானம் என்று கேட்டேன். வாலில் எழுதியிருக்கிற நம்பர்களை, தெருவில் இருக்கிற வீட்டு நம்பர் சொல்கிற மாதிரி, வரிசையாகப் பதினான்கு சொன்னார். இடையில் ஒரு நம்பருக்கு நிறுத்தி, "அதுக்கு இடதுபக்கச் சக்கரத்துல எப்பவும் எண்ணெய் கசியும்" என்றார்.